தடுப்பூசி நாளில் விரித்த பாய்: பாலக்காட்டு எல்லையோரத் துணை மையம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஊராட்சிகள் பொள்ளாச்சி, கோயம்புத்தூர்ப் பக்கத்து ஊர்களை ஒட்டிக் கிடக்கின்றன. இங்கே வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ்தான் பேச்சு. அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் பெரும்பாலும் மலையாளம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லைக்கு இருபுறமும் நடப்பதால், தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போகும் பெண் பல நேரங்களில் மாநிலத்தையே கடந்து போகிறார். குழந்தை அங்கே பிறந்து, முதல் சில தடுப்பூசிகளை அங்கேயே போட்டுக்கொண்டு, தமிழ்நாட்டு அட்டையோடு இங்கே வந்து சேர்கிறது. பிறந்த இடத்தில் என்னென்ன பரிசோதனைகள் நடந்தன என்பது அட்டையில் எழுதப்பட்டிருந்தால் உண்டு. இல்லையென்றால் குடும்பத்தாரின் நினைவை நம்பித்தான் தொடர வேண்டியிருக்கிறது.

இந்த ஆய்வு, அப்பகுதியின் சுகாதாரத் துணை மையம் ஒன்றில், வழக்கமான தடுப்பூசி வருகைகளோடு குழந்தை வளர்ச்சிக்கான வழிகாட்டலைச் சேர்த்தபோது நடந்ததையும், அந்த ஏற்பாட்டின் வழியாகக் கவனத்துக்கு வந்த ஒரு பெண் குழந்தையின் ஏழு மாத காலத்தையும் பதிவு செய்கிறது. குடும்பத்தின் அடையாளம் தெரியாதிருக்க ஊர்ப் பெயரும் வேறு சில விவரங்களும் விடப்பட்டுள்ளன.

ஏற்பாடு உருவான விதம்

கேரளத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்று காலை துணை மையத்தின் முன்கூடத்தில் கைக்குழந்தைகளோடு வருவோர் பெயர் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். எடை பார்ப்பது, அட்டையில் எழுதுவது, ஊசி போடுவது எல்லாம் சேர்ந்து ஒரு குழந்தைக்குச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்கு முன் வரிசையில் காத்திருப்பதும், ஊசிக்குப் பின் ஒவ்வாமை ஏதும் வருகிறதா என்று பார்க்க அரைமணி நேரம் உட்காரவைப்பதுமே அன்றைய காலையின் பெரும்பகுதி. செவிலியருக்கு நேரம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் வந்திருப்பவர்களிடம் நேரம் இருந்தது. வளர்ச்சி பற்றிய வழிகாட்டலுக்குத் தனியாக ஒரு நாள் குறித்து எல்லாரையும் வரவழைக்கலாம் என்ற யோசனை முதலில் எழுந்தது. கூலி வேலைக்குப் போகும் பகுதியில் ஊசி இல்லாத ஒரு நாளுக்கு யாரும் வரமாட்டார்கள் என்று ஆஷா பணியாளர்கள் (ஊர்தோறும் வீடுகளுக்குச் செல்லும் சுகாதாரப் பணியாளர்கள்) சொன்னதால் அது கைவிடப்பட்டது.

காத்திருக்கும் நேரத்தைப் பயன்படுத்துவது வேறு இடங்களில் சோதித்துப் பார்க்கப்பட்ட வழிதான். ஜமைக்கா, ஆன்டிகுவா, செயின்ட் லூசியா ஆகிய கரீபியத் தீவுகளின் சுகாதார நிலையங்களில், குழந்தைக்கு 3 மாதம் தொடங்கி 18 மாதம் வரையிலான ஐந்து வழக்கமான வருகைகளின்போது காத்திருப்புக் கூடத்தில் குறும்படம் காட்டி, அதைப் பற்றிப் பேசி, தாய்மாரைச் செய்துபார்க்கவும் வைத்தார்கள். 2015இல் வெளியான அதன் முடிவுகள் குழந்தைகளின் அறிதிறன் வளர்ச்சியில் பயன் இருந்ததைக் காட்டின. உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2012இல் வெளியிட்ட குழந்தை வளர்ச்சிப் பராமரிப்புப் பயிற்சித் தொகுப்பும் இதே போக்கில் அமைந்தது: குழந்தையோடு எப்படி விளையாடுகிறீர்கள், எப்படிப் பேசுகிறீர்கள், எப்படிச் சிரிக்க வைக்கிறீர்கள் என்று கேட்பது, அவர்கள் செய்வதைப் பார்ப்பது, நன்றாகச் செய்வதைச் சொல்லிப் பாராட்டுவது, பிறகு ஒரே ஒரு புதிய செயலைச் சேர்ப்பது.

துணை மையத்தில் தொடங்கியது இதன் எளிய வடிவம். கூடத்தின் ஒரு மூலையில் கோரைப்பாய் விரிக்கப்பட்டது. எவர்சில்வர் டம்ளர், கரண்டி, ஒரு பெரிய துணிப்பந்து, மூடியை உருக்கி ஒட்டிய கிலுகிலுப்பை பாட்டில், ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி ஆகியவை அதில் வைக்கப்பட்டன. வளர்ச்சியைப் பார்ப்பதற்குத் திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய வளர்ச்சிக் கணிப்பு அட்டவணை சுவரில் மாட்டப்பட்டது. பிறப்பு முதல் இரண்டு வயது வரைக்கான அந்த அட்டவணையில் 17 செயல்கள் மட்டுமே உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை. பட்டையின் இடது முனை நூற்றில் மூன்று குழந்தைகள் அதைச் செய்யத் தொடங்கும் வயது, வலது முனை 97 குழந்தைகள் செய்துவிடும் வயது. குழந்தையின் வயதில் ஒரு பென்சிலை நிமிர்த்தி வைத்தால், அதற்கு இடப்புறம் முழுவதுமாக முடிந்துவிட்ட பட்டைகளுக்குரிய செயல்களைக் குழந்தை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் மேல்பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பென்சிலைத் தவிர சிறப்புக் கருவி எதுவும் வேண்டாம் என்பதே ஒரு துணை மையத்துக்கு இதைத் தேர்ந்ததற்குப் போதுமான காரணம்.

ஊசிக்குப் பிந்தைய அரைமணி நேரத்தில்தான் முதலில் பாயில் உட்காரவைக்கத் திட்டமிடப்பட்டது. அழுது களைத்த குழந்தை எதையும் கையில் வாங்குவதில்லை. வைத்திருப்பவரின் கவனமும் ஊசி போட்ட தொடையிலும் காய்ச்சல் மருந்திலுமே இருக்கிறது. எனவே குழந்தையோடு செய்துபார்ப்பது ஊசிக்கு முன், பெரியவர்களோடு பேசுவது ஊசிக்குப் பின் என்று வேலை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. பாயில் உட்காருபவர் அதே ஊரைச் சேர்ந்த, தமிழ் பேசும் ஆஷா பணியாளர். செவிலியர் மேற்குப் பாலக்காட்டிலிருந்து வந்தவர். அவர் பேசும் தமிழ் ஊசிக்கும் மருந்துக்கும் போதுமே தவிர, ஒரு பாட்டியோடு உட்கார்ந்து வீட்டு நடப்பை விசாரிக்கப் போதாது.

ஒன்பதாம் மாத வருகை

தட்டம்மை-ரூபெல்லா முதல் தவணைக்காகக் குழந்தையைக் கொண்டுவந்தவர் அப்பத்தா. குழந்தையின் தாய் பக்கத்துத் தென்னை நார் மில்லில் வேலை செய்கிறார். தந்தை தேங்காய் பறிக்கும் குழுவோடு போகிறவர். குடும்பம் ஒரு பெரிய தோப்பில் காவலிருந்து, அங்குள்ள ஒற்றை வீட்டிலேயே குடியிருக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் வேறு குழந்தை இல்லை. குழந்தை உடுமலைப்பேட்டைப் பக்கம் தாயின் ஊரில் பிறந்து, மூன்றரை மாதத் தடுப்பூசி வரை அங்கேயே போட்டுக்கொண்டு, அதன்பின் தோப்புக்கு வந்திருக்கிறது.

எடை 6.9 கிலோ. ஒன்பது மாதப் பெண் குழந்தைக்கு இது குறைவுதான் என்றாலும் எடைக்குறைவு என்று பதிவுசெய்யும் எல்லைக்குள் வரவில்லை. எடை, ஊசி, வைட்டமின் ஏ என்று வழக்கமான வருகை மட்டும் நடந்திருந்தால், "எல்லாம் சரி" என்ற குறிப்போடு 16ஆம் மாத ஊக்கத் தவணைக்கு வரச்சொல்லி அனுப்பியிருப்பார்கள். அட்டையில் எந்தக் கட்டமும் காலியாக இருந்திருக்காது.

பாயில் கண்டவை வேறு. குழந்தை தாங்கிப் பிடித்தால் உட்கார்ந்தது. தானாக எழுந்து உட்காரவில்லை. கரண்டியைக் கையில் கொடுத்தால் பிடித்தது, சிறிது நேரத்தில் நழுவ விட்டது, விழுந்ததைத் தேடவில்லை. வலது கையில் கரண்டி இருக்கும்போது டம்ளரை நீட்டினால், கரண்டியை இடது கைக்கு மாற்றாமல் இரண்டையும் விட்டுவிட்டது. பென்சிலை ஒன்பதாம் மாதத்தில் வைத்தபோது, ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பொருளை மாற்றும் செயலுக்குரிய பட்டை இடப்புறம் முடிந்திருந்தது. ஒலி கேட்டுத் தலை திருப்புவதை அந்தக் கூடத்தின் இரைச்சலில் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை; ஒருமுறை திரும்பியது, மறுமுறை திரும்பவில்லை. 'பாபா', 'மாமா' போன்ற அடுக்கொலிகள் வீட்டிலும் வருவதில்லை என்று அப்பத்தா சொன்னார். முகத்தைப் பார்த்துச் சிரித்தது. ஆஷா பணியாளரைப் புதியவர் என்று உணர்ந்து அப்பத்தாவின் தோளில் முகம் புதைத்தது. இந்த இரண்டும் நல்ல அறிகுறிகளாகக் குறித்துக்கொள்ளப்பட்டன. கண் இமையின் உட்புறம் வெளுத்திருந்தது.

பகலில் குழந்தை எங்கே இருக்கும் என்று கேட்டபோது, தூளியில் என்று பதில் வந்தது. எழுந்தாலும் தூளியில்தான். அழுதால் தொட்டில் கட்டையில் செல்போனைக் கட்டிப் பாட்டுப் படம் ஓடவிடுவார்கள். தரையில் விடுவதில்லையா என்றதற்கு அப்பத்தா சொன்னது அப்படியே குறிக்கப்பட்டுள்ளது: "கீழ விட்டா பூரானும் தேளும் வருதுங்க. வாசலுக்கு வந்தா தேங்கா விழுது. தூளியில கெடந்தாத்தான் எனக்கு நிம்மதி. ஆட்டையும் நான்தானே பாக்கோணும்."

முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் முடிவு, மேல்பரிசோதனைக்கு அனுப்புவது. சில வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்ற கருத்தும் இருந்தது. வாய்ப்புக் கிடைக்காததால் பின்தங்கிய குழந்தை வாய்ப்புக் கொடுத்தால் தேறிவிடும், பாலக்காடு வரை போவதென்றால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு நாள் கூலி போகும் என்பது அதன் நியாயம். ஆனால் பிறந்தபோது செவித்திறன் பரிசோதனை நடந்ததற்கான பதிவு அட்டையில் இல்லை, அடுக்கொலி இல்லை, ஒலிக்குத் திரும்புவது உறுதியாகவில்லை. காது கேளாமை இருந்து அதைத் தாமதமாகக் கண்டால் பேச்சுக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்வது கடினம். ஆகவே காதை உடனே பார்ப்பது, மற்றவற்றை வீட்டில் தொடங்குவது என்று தீர்மானிக்கப்பட்டது. மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரை எழுதப்பட்டது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின் கீழ் இயங்கும் இம்மையங்களின் பணிகளில், பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய் ஆகியவற்றோடு வளர்ச்சித் தாமதமும் அடங்கும்.

இரண்டாவது, இரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 9.2 கிராம் இருந்தது; இது இரத்தசோகை. ஆறு மாதம் முடிந்த குழந்தைகளுக்கு வாரம் இருமுறை தரவேண்டிய இரும்புச்சத்து-ஃபோலிக் அமிலச் சொட்டு மருந்து இந்தக் குழந்தைக்குத் தொடங்கப்படவே இல்லை. உடுமலைப்பேட்டையிலிருந்து வந்த பிறகு எந்த ஆஷாவின் பட்டியலிலும் பெயர் ஏறாததே காரணம். முன்தடுப்பு அளவு இப்போது போதாது என்பதால், மருத்துவ அலுவலர் எடைக்கேற்ற சிகிச்சை அளவில் இரும்புச்சத்தைத் தொடங்கினார். குழந்தை அங்கன்வாடியில் பதிவுசெய்யப்பட்டு, கேரள மகளிர் குழுக்களின் அமைப்பான குடும்பஸ்ரீயின் அலகுகள் தயாரிக்கும் அமிர்தம் சத்துமாவு கிடைக்க வழி செய்யப்பட்டது.

மூன்றாவது, யாரிடம் பேசுவது என்பது. அட்டையில் தாயின் பெயர் இருப்பதால் தாய் வரும்வரை காத்திருந்து அவரிடம் சொல்வதே வழக்கம். இங்கே பகல் முழுவதும் குழந்தை அப்பத்தாவின் கையில். அவரிடமே பேசுவது என்றும், தாய்க்கு மாலையில் செய்ய ஒன்றே ஒன்றைச் சொல்வது என்றும் முடிவானது. தாய்க்குச் சொன்னது: வேலை விட்டு வந்து பால் கொடுக்கும்போது செல்போனை எடுக்காமல் குழந்தையின் முகம் பார்த்துப் பேசுவது, குழந்தை எழுப்பும் ஒலியைத் திரும்பச் சொல்வது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியதை அவரிடம் ஒரு தடையாகச் சொல்லவில்லை. செல்போனை எடுத்துவிட்டால் அந்த நேரத்தில் குழந்தையை யார் பார்ப்பது என்பதற்குப் பதில் இல்லாமல் அதைச் சொல்வதில் பொருளில்லை.

நான்காவது முடிவு, 16ஆம் மாதம் வரை காத்திருக்காமல் ஆஷா பணியாளர் தோப்புக்கே போய்ப் பார்ப்பது. தடுப்பூசி அட்டவணையை மட்டும் நம்பினால் மூன்றரை மாதத்துக்கும் ஒன்பதாம் மாதத்துக்கும் இடையிலும், ஒன்பதுக்கும் பதினாறுக்கும் இடையிலும் நீண்ட இடைவெளி விழுகிறது. உட்காருவது, தவழ்வது, பொருளைக் கைமாற்றுவது, அடுக்கொலி, நடை, முதல் சொல் என்று பார்க்க வேண்டியவை பெரும்பாலும் இந்த இரண்டு இடைவெளிகளுக்குள்தான் நடந்து முடிகின்றன. 3, 6, 9, 12, 15 மாதங்களில் ஆஷா வீட்டுக்குச் செல்ல வேண்டும் என்று 2018இல் நாடு முழுமைக்கும் வகுக்கப்பட்ட திட்டம் இதை ஓரளவு நிரப்பவே வந்தது. பட்டியலில் இல்லாத குழந்தைக்கு அந்த வருகைகளும் இல்லை.

தோப்பு வீட்டில்

முதல் வருகையில் ஆஷா பணியாளர் எந்த விளையாட்டுப் பொருளும் கொண்டுபோகவில்லை. வீட்டுத் திண்ணையையும் அதைச் சுற்றியுள்ள இடத்தையும் அப்பத்தாவோடு சேர்ந்து பார்த்தார். தூளியை விட்டு இறக்க மறுத்ததற்கான காரணம் கண்முன் தெரிந்தது. திண்ணையை ஒட்டி மட்டையும் ஓலையும் குவித்திருந்தார்கள். பூச்சிகள் அடைய அதைவிட வசதியான இடம் கிடையாது. மூடியில்லாத தண்ணீர்த் தொட்டி வேறு பத்தடியில் இருந்தது. இந்த வீட்டில் "குழந்தையைத் தரையில் விளையாட விடுங்கள்" என்று அறிவுரை சொல்லிவிட்டு வந்திருந்தால் அப்பத்தா அதைக் கேட்காமல் இருந்ததே சரியாகியிருக்கும்.

மட்டைக் குவியல் தோப்பின் மறுபக்கத்துக்கு மாறியது. தொட்டிக்குப் பலகை மூடி போடப்பட்டது. திண்ணையின் திறந்த பக்கத்தில் கயிற்றுக் கட்டிலை ஒருக்களித்து நிறுத்தி அடைப்பாக்கினார்கள், அதற்குள் பாய். இதற்குக் காசு எதுவும் செலவாகவில்லை. தந்தையின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் செலவானது. அடைப்புக்கு வெளியே உட்கார்ந்து அப்பத்தா ஓலை முடையலாம், ஆட்டையும் பார்க்கலாம், குழந்தையோடு பேசவும் செய்யலாம். பின்னால் சில வாரங்களில், குழந்தை எழுந்து நிற்கப் பிடித்துக்கொண்டதும் அதே கட்டில் சட்டத்தைத்தான்.

என்ன விளையாட்டு என்பதில் கற்பிக்க அதிகம் இருக்கவில்லை. "அப்பத்தா, உங்க பிள்ளைகளுக்கு என்ன வெளையாட்டுக் காட்டுனீங்க?" என்று கேட்டதும், கைகொட்ட வைப்பது, சாய்ந்தாட வைப்பது, துணியால் முகத்தை மூடித் திறப்பது என்று அவரே வரிசையாகச் சொன்னார். கைகொட்டுவது திருவனந்தபுரம் அட்டவணையிலும் ஒரு செயல். பிள்ளைத்தமிழ் இலக்கணம் ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணிப் பருவத்தை, அதாவது கைகொட்டும் பருவத்தை, வைத்திருப்பதையும் இங்கே நினைக்கலாம். இந்தப் பகுதிப் பாட்டிமாருக்கு அந்த மாதக் கணக்கு ஏட்டைப் பார்க்காமலே தெரியும். ஆஷா பணியாளர் சேர்த்தது ஒன்றுதான்: ஒரு கையில் டம்ளர் இருக்கும்போது மறுபொருளை அதே கைப்பக்கம் நீட்டுவது, குழந்தை கைமாற்றும்வரை பொறுத்திருப்பது. அப்பத்தா அவசரப்பட்டு மறு கையில் திணித்துவிடுவார். அவரைச் செய்யவிட்டுப் பார்த்ததால்தான் இது தெரிந்தது. வாயால் சொல்லக் கேட்டபோது முழுவதும் சரியாகவே சொன்னார்.

மேல்பரிசோதனையும் பின்தொடர்வும்

பாலக்காட்டுக்குப் போவது இரண்டு முறை தள்ளிப்போனது. மூன்றாம் முறை ஆஷா பணியாளர் உடன்செல்ல, தாயும் விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். செவித்திறன் இரண்டு காதிலும் இயல்பாக இருந்தது. தசைகளின் இறுக்கத்திலும் நரம்பு மண்டலத்திலும் குறை ஏதும் காணப்படவில்லை. வளர்ச்சியில் தாமதம் உண்டு, தனிப்பட்ட நோய் இல்லை, வீட்டுப் பயிற்சியைத் தொடர்ந்து மீண்டும் காட்ட வேண்டும் என்று குறிப்பு எழுதிக் கொடுத்தார்கள். குறிப்பு மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருந்ததால், செவிலியர் அதன் சாரத்தைச் சொல்ல, ஆஷா பணியாளர் தமிழில் எழுதிக் குடும்பத்திடம் கொடுத்தார்.

பதினோராம் மாதத்தில் குழந்தை பொருளைக் கைமாற்றியது. தானாக எழுந்து உட்கார்ந்தது. அடுக்கொலி வந்திருந்தது. கைகொட்டலும் வந்துவிட்டது, யார் வந்தாலும் உடனே கொட்டிக் காட்டும் அளவுக்கு. பன்னிரண்டாம் மாதத்தில் ஹீமோகுளோபின் 10.8 ஆனது. அதற்கு அடுத்த மாதம் இரும்புச்சத்து மருந்து நின்றுபோயிருந்தது. மலம் கறுத்ததைக் கண்டு தாய் பயந்திருக்கிறார். மருந்தைத் தொடங்கும்போதே சொல்லியிருக்க வேண்டிய செய்தி அது. விளக்கியபின் மருந்து தொடர்ந்தது.

பதினாறாம் மாத ஊக்கத் தவணைக்குத் தாயும் அப்பத்தாவும் சேர்ந்தே வந்தார்கள். குழந்தை கைபிடிக்காமல் நடந்தது. துணிப்பந்தை எறிந்தது. பென்சிலுக்கு இடப்புறம் முடிந்த பட்டைகள் எல்லாம் தேறின. தெளிவாக வந்த சொல் ஒன்றே ஒன்று, ஆட்டைக் கூப்பிடும் ஒலியையும் சேர்த்தால் இரண்டு. அட்டவணைப்படி இன்னும் காலம் இருந்தாலும், முன்பு தாமதம் இருந்த குழந்தை என்பதால் பேச்சைத் தனியே பார்க்க மாவட்ட மையத்துக்கு மீண்டும் எழுதப்பட்டது. செல்போன் முற்றிலும் நிற்கவில்லை. தூளிக் கட்டையிலிருந்து மட்டும் இறங்கியிருந்தது.

இரத்தசோகை குறைந்தது, எடை கூடியது, தரை கிடைத்தது, பேச ஆள் கிடைத்தது ஆகிய எல்லாம் ஒரே காலத்தில் நடந்ததால், முன்னேற்றத்தில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க இந்த ஒரு நிகழ்வு இடம் தராது. இரும்புச்சத்துக் குறைவே குழந்தையைச் சோர்வாக்கி விளையாட்டில் நாட்டமில்லாமல் செய்யக்கூடியது. விளையாட்டுப் பாயில் உட்காரவைத்ததால்தான் வெளுத்த இமையும் கவனத்துக்கு வந்தது என்பது மட்டும் ஐயமில்லாதது.

மாற்றப்பட்டவையும் மாற்ற வேண்டியவையும்

இந்தக் குழந்தைக்குப்பின் துணை மையத்தில் சில நடைமுறைகள் மாறின. வெளிமாநில அட்டையோடு வரும் குழந்தையின் பெயர் முதல் வருகையன்றே அந்தப் பகுதி ஆஷாவின் பட்டியலில் ஏற்றப்படுகிறது. பிறந்தபோது காது பார்த்த பதிவு இல்லையென்றால் வயது பாராமல் செவிப் பரிசோதனைக்கு எழுதப்படுகிறது. ஒலிக்குத் திரும்புவதைக் கூடத்தில் பார்ப்பதில்லை. மருந்து வைக்கும் உள்ளறையில் கதவைச் சாத்திப் பார்க்கிறார்கள். இரும்புச்சத்து மருந்தோடு மலம் கறுக்கும் என்ற செய்தியும் சொல்லப்படுகிறது. பாயில் கேட்கும் முதல் கேள்வி, பகலில் குழந்தை யார் கையில், எந்த இடத்தில் இருக்கிறது என்பதாக மாறியுள்ளது. அதற்கு வரும் பதிலைப் பார்த்துத்தான் என்ன விளையாட்டு என்பது முடிவாகிறது.

தீராதவையும் உண்டு. கூட்டம் மிகுந்த புதன்களில் பாய்க்கு ஆள் இருப்பதில்லை. ஆஷா பணியாளர் பதிவேட்டு வேலைக்கு இழுக்கப்படுகிறார். அங்கன்வாடிப் பணியாளரை மாதம் ஒரு புதன் பாயில் அமர்த்தக் கேட்டு ஊராட்சிக்கு எழுதியிருக்கிறது. ஆறாம் மாதத்தில் ஊசி எதுவும் இல்லாததால் அந்த மாதக் குழந்தைகள் மையத்துக்கு வருவதே இல்லை. அமிர்தம் சத்துமாவு ஆறு மாதம் முடிந்ததும் தொடங்குவதால், முதல் பொட்டலத்தைத் துணை மையத்தில் ஒரு புதன்கிழமை கொடுத்து, அதே நாளில் எடையும் பென்சில் கணிப்பும் முடித்துவிடலாம் என்பது இப்போது பேச்சில் இருக்கும் யோசனை. அதற்கு அங்கன்வாடியின் விநியோக நாளும் தடுப்பூசி நாளும் ஒத்துவர வேண்டும்; இரண்டும் வெவ்வேறு துறைகளின் கையில் உள்ளன.